நெய்தவர் கூலியே முதல் கடன்

கடனில் திணறும் ஒரு சிறு கைவினை நிறுவனம் பிழைத்துக்கொள்ள எதை வேண்டுமானாலும் வெட்டலாம். ஷோரூம் வாடகையை வெட்டலாம், கண்காட்சிச் செலவை வெட்டலாம், விலைபோகாத ரகங்களை நிறுத்தலாம், உரிமையாளர் தன் வீட்டுக்கு எடுக்கும் பணத்தைப் பாதியாக்கலாம். நெய்து கொடுத்தாகிவிட்ட பாய்க்கு உரிய கூலியில் மட்டும் கை வைக்கக் கூடாது. நம் ஊரில் நடப்பதோ நேர்மாறு. நெருக்கடி வந்ததும் முதலில் நின்றுபோவது அந்தக் கூலிதான். வங்கித் தவணை, வாடகை, ஜி.எஸ்.டி. எல்லாம் போய் ஏதாவது மிஞ்சினால்தான் அதன் முறை வருகிறது. இது அநியாயம். நல்லெண்ணத்தோடு தொழில் நடத்துகிறவர் செய்தாலும் அநியாயம்தான்.

நல்லெண்ணத்தோடு என்று சொல்லக் காரணம் உண்டு. இருபது முப்பது வீடுகளுக்கு வேலை கொடுத்து இந்த நிறுவனங்களை நடத்துகிறவர்களில் பலர் கொள்ளை லாபக்காரர்கள் அல்லர். கைத்தொழிலின் மேல் பற்று வைத்து, நகையை அடகு வைத்து முதல் போட்டவர்கள். 2020-இல் ஊரடங்கு வந்து கண்காட்சிகள் நின்றன. அந்த ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அகில இந்தியக் கைத்தறி வாரியத்தையும் கைவினை வாரியத்தையும் மத்திய அரசு கலைத்தது. குறை சொல்லப் போய் நிற்க இருந்த ஒரு வாசலும் மூடியது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் பலவற்றின் மேல் அமெரிக்கா 50 விழுக்காடு வரி போட்டபோது, ஏற்றுமதியை நம்பியிருந்த பட்டறைகள் அடிவாங்கின. இத்தனைக்கும் நடுவில் தாக்குப்பிடிப்பவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம் நோக்கமில்லை. ஆனால் அடி மேலிருந்து விழும்போது அதை அப்படியே கீழே இருப்பவர் தலையில் இறக்கிவிடுவதை நாம் ஏற்க முடியாது.

பத்தமடையை எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலி மாவட்டத்தில் சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர்; புவிசார் குறியீடு பெற்ற பாய். தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையைப் பச்சையாக அறுத்து, கீறி, வெயிலில் காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்துச் சாயம் ஏற்றுகிறார்கள். நூலையோ பட்டையோ பாவாக இழுத்து, தரையோடு தரையாகக் கிடக்கும் தறியில் குனிந்து உட்கார்ந்து, ஒவ்வொரு கோரையாக ஊடு கொடுத்து நெய்கிறார்கள். நெய்பவர்களில் மிகப் பலர் வீட்டோடு இருக்கும் முஸ்லிம் பெண்கள். முரட்டுப் பாய் சீக்கிரம் தறியிலிருந்து இறங்கிவிடும். மணமக்கள் பெயரைக் கோத்து நெய்யும் நயம்பாய்க்கு வாரக்கணக்கில் ஆகும். மிக நயமான பட்டுப்பாய் மாதங்களைத் தின்றுவிடும். அத்தனை நாளும் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தாக வேண்டும்.

அப்படி நெய்கிறவரிடம் பெரும்பாலும் ஒரு நோட்டு இருக்கும். பள்ளிப் பிள்ளையின் பழைய நோட்டில் மிஞ்சிய பக்கங்கள். தேதி, பாயின் அளவு, கூலி, வாங்கிய முன்பணம், கடைசியில் பாக்கி. நிறுவனம் நன்றாக நடக்கும்போது பாக்கிப் பத்தியில் கோடு விழுந்துகொண்டே வரும். நெருக்கடி தொடங்கியதும் கோடு விழுவது நின்றுவிடும். எண்கள் மட்டும் இறங்கிக்கொண்டே போகும். கேட்டால், “ஆர்டர் பணம் வரட்டும்மா, மொத்தமாத் தந்திடுறேன்” என்று பதில் வரும். “சரிக்கா” என்பதைத் தவிர அவர் வேறென்ன சொல்ல முடியும்? கறாராகப் பேசினால் அடுத்த ஆர்டர் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். வங்கி நோட்டீஸ் அனுப்பும், கட்டடச் சொந்தக்காரர் பூட்டுப் போடுவார், மின்வாரியம் ஃபியூஸைப் பிடுங்கும். நெய்கிறவரால் எதையும் பிடுங்க முடியாது. அவர் கூலி கடைசிக்குப் போவது இந்த ஒரு காரணத்தால்தான். வலுவில்லாதவர் கடனைத் தள்ளிப்போடுவதை நிதி நிர்வாகம் என்று நாம் ஒப்புக்கொள்ள முடியாது.

சட்டமும் அவரைப் பாதி வழியில் கைவிடுகிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் தன் 15-ஆம் பிரிவில் கெடு வைத்திருக்கிறது. குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கோ வேலையோ வாங்கியவர் அதிகம் போனால் 45 நாளில் பணம் தந்தாக வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக. நடைமுறையில் இந்தப் பாதுகாப்பு, சிறு தொழில்களுக்கான அரசின் ‘உத்யம்’ பதிவு இருந்தால்தான் கைக்கு எட்டும். வீட்டுத் தறியில் நெய்கிறவர் தன்னை ஒரு நிறுவனம் என்று நினைப்பதே இல்லை; பதிவு செய்துகொள்ளச் சொல்லித் தருவாரும் இல்லை. சரி, தொழிலாளி என்ற வகையிலாவது உரிமை உண்டா என்றால், அங்கும் இழுபறி. 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டம், ஒரு கம்பெனியைக் கலைக்கும்போது தொழிலாளர்களின் 24 மாத நிலுவையைப் பிணையோடு கடன் கொடுத்தவர்களுக்குச் சமமான வரிசையில் வைக்கிறது. நல்ல விதிதான். ஆனால் நம் கைவினை நிறுவனங்களில் பல, தனி ஒருவர் பெயரிலோ கூட்டாகவோ நடப்பவை, கம்பெனிகளே அல்ல. கம்பெனியாக இருந்தாலும், பாய்க்கு இவ்வளவு என்று கூலி வாங்கி வீட்டில் நெய்கிறவர் தொழிலாளிதான் என்று நிரூபிப்பதற்குள் விடிந்துவிடும். வீட்டிலிருந்து வேலை செய்வோருக்காகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் 177-ஆவது உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா இன்னும் அதை ஏற்று ஒப்புதல் தரவில்லை. ஆக, அவர் வியாபாரியும் இல்லை, தொழிலாளியும் இல்லை. அவருடைய கூலி யாருடைய மனச்சாட்சியையோ மட்டும் நம்பி நிற்கிறது.

உரிமையாளர்கள் சொல்லும் பதில் ஒன்று உண்டு. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. “வங்கித் தவணை 90 நாள் தவறினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். கணக்கை முடக்கிவிட்டால் கோரை வாங்கக்கூடப் பணம் இராது. முதலில் வங்கியைக் கவனித்தால்தான் நாளைக்கு இவர்களுக்கு வேலை கொடுக்க முடியும்” என்கிறார்கள். ஏதோ ஒரு மாதத்தில் இது உண்மையாகவே இருக்கலாம். அப்படியானால் அந்த மாதம் நடப்பது என்ன? நிறுவனம் நெய்கிறவரிடம் கடன் வாங்குகிறது. அவரைக் கேட்காமல், வட்டி இல்லாமல், காகிதம் இல்லாமல் வாங்குகிறது. வங்கியிடம் இப்படி ஒரு ரூபாய் வாங்க முடியுமா? வேறு வழியே இல்லையென்றால் நெய்கிறவர்களை உட்காரவைத்துக் கணக்கைத் திறந்து காட்டட்டும். இவ்வளவு பாக்கி, இந்தத் தேதியில் இவ்வளவு தருகிறேன், வங்கிக்குத் தரும் அதே வட்டி உங்களுக்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போடட்டும். முடியாது என்று சொல்லும் உரிமையையும் அவர்களுக்குத் தரட்டும். இதைச் செய்யத் தயங்குகிறவர், நாளைய வேலையைக் காட்டி இன்றைய கூலியைத் தட்டிப் பறிக்கிறவர்தான்.

அடுத்து, எந்த ரகத்தை நிறுத்துவது என்ற கேள்வி. ஆலோசகர்கள் வந்து பார்த்தால் முதலில் நயம்பாயைத்தான் அடிப்பார்கள். நாள் அதிகம் பிடிக்கிறது, பணம் முடங்குகிறது, வாங்குவோர் குறைவு. டிஃபன் பை, லேப்டாப் பை, மேசை விரிப்பு என்று போகச் சொல்வார்கள். ஒருபுறம் பிளாஸ்டிக் பாய், மறுபுறம் விசைத்தறியில் ஓடும் கோரைப்பாய். இவற்றோடு முரட்டுப் பாயில் விலைப்போட்டி போட முடியாது என்பதும் சரிதான். பைகள் தைப்பதில் தவறொன்றும் இல்லை. சரக்கை நாம் மதிக்கும் அளவுக்குச் சந்தை மதிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தவும் முடியாது. ஆனால் நயம்பாய் நஷ்டம் தருகிறது என்பவர், அதன் விலையை எப்படிப் போட்டார் என்று பார்க்க வேண்டும். நெய்ய ஆகும் நாள்களைக் கணக்கில் சேர்க்காமல், போன ஆண்டு விலையோடு கொஞ்சம் கூட்டி வைத்த விலையாகவே அது பெரும்பாலும் இருக்கும். அந்த நஷ்டத்தை நெய்கிறவர் ஏற்கெனவே தன் கூலிக் குறைவில் ஏற்றுக்கொண்டுதான் இருக்கிறார். நயம்பாயைச் சரக்காக அடுக்கி வைக்காமல், முன்பணம் வாங்கி ஆர்டருக்கு மட்டும் நெய்யலாம். அந்த முன்பணத்தின் பெரும்பகுதி தறி ஏறும் அன்றே நெய்கிறவர் கைக்குப் போய்விட வேண்டும். உலக நியாய வணிக அமைப்பு, உற்பத்தியாளர் கேட்டால் கைவினைப் பொருள் ஆர்டர்களுக்குக் குறைந்தது 50 விழுக்காட்டை வட்டியில்லா முன்பணமாகத் தரச் சொல்கிறது. ஏற்றுமதிக்காக மட்டும் இதைக் கடைப்பிடித்துவிட்டு, உள்ளூர் ஆர்டரில் மறந்துவிடுவது சரியல்ல.

ஆள் குறைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கைவினைத் தொழிலில் யாரையும் வேலையைவிட்டு நிறுத்துவதாக அறிவிப்பதில்லை. ஃபோன் வராது, அவ்வளவுதான். ஆறு மாதம் தறியைச் சும்மா போட்டுவிட்டுக் காத்திருந்த பிறகே, தனக்கு வேலை இல்லை என்பது அவருக்குப் புரியும். இதற்குள் பீடி சுற்றவோ வேறு வேலைக்கோ போயிருக்கலாம். அந்த வழியையும் இந்த மௌனம் அடைத்துவிட்டது. முப்பது பேருக்கு வேலை கொடுக்க முடியாத நிறுவனம் பத்துப் பேரோடு நடப்பதில் குற்றமில்லை. மற்ற இருபது பேரிடம் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். பாக்கியைத் தீர்க்க வேண்டும். நிறுவனம் கொடுத்த தறியும் அச்சும் அவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும். வேறு எவருக்கும் நெய்துகொள்ளலாம் என்று விட்டுவிட வேண்டும்.

பெரிய கடைகளைச் சொல்லாமல் இந்தத் தீர்ப்பு முழுமையாகாது. விற்றால்தான் பணம் என்று சரக்கை வாங்கி அடுக்குவது, விற்ற பிறகும் மாதக்கணக்கில் இழுப்பது, தள்ளுபடி விற்பனையில் குறைந்த தொகையைச் சரக்கு அனுப்பியவர் கணக்கிலேயே எழுதுவது, விற்காததைக் கசங்கிய நிலையில் திருப்பி அனுப்புவது — நகரத்துக் கடைகள் பலவற்றில் இது வாடிக்கையாகிவிட்டது. சிறு நிறுவனத்தின் நெருக்கடியில் பாதி இங்கே பிறக்கிறது. 2024 முதல், சிறு நிறுவனத்துக்குக் கெடுவுக்குள் தராத தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாதபடி வருமான வரிச் சட்டமும் இறுக்கியிருக்கிறது. புகார் சொல்ல 2017-இலேயே ‘சமாதான்’ இணையதளம் வந்துவிட்டது. ஆனாலும் உரிமையாளர்கள் வாய் திறப்பதில்லை. திறந்தால் அந்தக் கடை அடுத்த சீசனுக்குக் கூப்பிடாது என்ற பயம். நெய்கிறவர் உரிமையாளரிடம் படும் அதே பயம். கைவினைஞர்களின் புகைப்படத்தைச் சுவரில் மாட்டி வியாபாரம் செய்யும் கடைகள், அவர்கள் பாய்க்கு 45 நாளில் பணம் தரவில்லையென்றால் அந்தப் படத்தை மாட்டும் தகுதி தங்களுக்கு இல்லை என்று உணர வேண்டும்.

அரசுகள் கடன் தரத் தயாராகத்தான் இருக்கின்றன. மத்திய அரசு 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டத்தில் 18 தொழில்களுக்கு இரண்டு தவணையாக ரூ.3 லட்சம் வரை கிடைக்கிறது. அதில் சேராத தமிழக அரசு, கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. இவை தேவைதான். ஆனால் நோட்டில் பாக்கி எழுதிவைத்திருக்கும் பெண்ணிடம் கடன் விண்ணப்பத்தை நீட்டுவது அவருடைய பிரச்சினைக்கு விடை ஆகாது. அவருக்கு வர வேண்டிய பணம் வந்தாலே போதும்.

செய்ய வேண்டியது வேறு. அதற்குப் புதுச் சட்டமும் தேவையில்லை. நலிவடைந்த சிறு தொழில்களைச் சீரமைக்க 2016 மார்ச்சில் ரிசர்வ் வங்கி ஒரு நடைமுறையை வகுத்தது. ரூ.25 கோடி வரை கடன் உள்ள நிறுவனம், தொழில் கவிழும் என்று அஞ்சினால் தானே விண்ணப்பிக்கலாம். ஒரு குழு கணக்கைப் பார்த்துத் தவணையை மாற்றியமைக்கும், தேவைப்பட்டால் கூடுதல் கடனும் தரும். குழுவில் வங்கி அதிகாரிகள், வெளி நிபுணர் ஒருவர், மாநில அரசின் பிரதிநிதி ஒருவர். நெய்கிறவர் சார்பில் பேச அங்கே யாரும் இல்லை. மாநில அரசின் பிரதிநிதி அந்த இடத்தை எடுத்துக்கொள்ளலாம். சீரமைப்பு கேட்கும் எந்தக் கைவினை நிறுவனமும் யார் யாருக்கு, எந்த வேலைக்கு, எந்தத் தேதியிலிருந்து கூலி பாக்கி என்ற பட்டியலை இணைக்க வேண்டும். புதிதாகக் கிடைக்கும் பணத்தில் முதலில் அந்தப் பட்டியல் தீர வேண்டும். பட்டியல் இல்லாத திட்டத்துக்குத் தன் பிரதிநிதி ஒப்புதல் தரமாட்டார் என்று தமிழக அரசு ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். பூம்புகார், கோ-ஆப்டெக்ஸ் போன்ற அரசு சார்ந்த விற்பனை நிறுவனங்களும் தாங்கள் சரக்கு வாங்கும் நிறுவனங்களிடம் இதே பட்டியலைக் கேட்கலாம். தை முகூர்த்தங்களுக்கான பாய்கள் தறியேறும் முன் அந்தச் சுற்றறிக்கை வெளிவர வேண்டும்.