எதை எண்ணினோம், யாரை விட்டோம்?

2024 மே மாதக் கடைசியில் அமெரிக்க பேஸ்பாலின் வாழ்நாள் பேட்டிங் சராசரிப் பட்டியலில் (பேட் செய்த வாய்ப்புகளில் எத்தனை பங்கு ஹிட் ஆனது என்ற கணக்கு) முதலிடம் கைமாறியது. பல தலைமுறைகளாக அங்கே வீற்றிருந்த டை காப் (.367) ஓர் இடம் இறங்கினார். ஜாஷ் கிப்சன் (.372) முதலிடம் பெற்றார். கிப்சன் இறந்தது 1947 ஜனவரியில்.

கிப்சன் கறுப்பினத்தவர். உயர்மட்டப் போட்டியான மேஜர் லீக்கில் நிறத்தைக் காட்டிக் கதவடைத்த காலத்தில், 'நீக்ரோ லீக்' என்றழைக்கப்பட்ட தனிப் போட்டிகளில் ஆடியவர். 1960களின் இறுதியில், வரலாற்றில் எவையெல்லாம் 'மேஜர்' லீக் என்று முடிவுசெய்ய அமைந்த குழு ஆறு லீக்குகளை ஏற்றது. அவற்றில் கறுப்பினத்தவரின் லீக் ஒன்றுகூட இல்லை. 2020 டிசம்பரில்தான் அந்தத் தவறு திருத்தப்பட்டது. அந்த ஆட்டங்கள் கணக்கு ஏட்டில் ஏற மேலும் மூன்றரை ஆண்டுகள் ஆயின.

புள்ளிவிவரத்துக்கு ஓரவஞ்சனை தெரியாது என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்? சராசரியைக் கூட்டி வகுக்கும் முறை இங்கே சிக்கல் அல்ல. யாருடைய ஆட்டத்தைக் கணக்கில் சேர்ப்பது என்ற முடிவில்தான் அநீதி இருந்தது.

அன்றாட ஆட்டத்திலும் இப்படித்தான். ஃபீல்டரின் கையிலிருந்து பந்து நழுவினால், அது அடித்தவரின் திறமையா, பிடிக்கத் தவறியவரின் பிழையா என்று ஸ்கோரர் ஒருவர் தீர்ப்பளிக்கிறார். சராசரி அந்தத் தீர்ப்பின் மேல் நிற்கிறது. பிட்ச்சர் கணக்கில் எழுதப்படும் 'வெற்றி', சக வீரர்கள் ஓட்டம் எடுத்தால்தான் கிடைக்கும். 2010ல் சியாட்டிலின் ஃபீலிக்ஸ் ஹெர்னாண்டஸ் 13 வெற்றி, 12 தோல்வி. ஆனால் ஃபீல்டர்களின் பிழையால் வந்த ஓட்டங்களை நீக்கினால், ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்தது சராசரியாக 2.27 ஓட்டம், லீக்கிலேயே குறைவு. 21 வெற்றி பெற்ற பிட்ச்சர் சபாத்தியாவைத் தாண்டி, சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருது அவருக்கே கிடைத்தது. எந்த எண்ணை நம்புவது என்பதில் வாக்காளர்கள் மனம் மாறியிருந்தார்கள். ஒரு வீரர் அணிக்குத் தரும் கூடுதல் வெற்றிகளைக் கணிக்கும், இன்று பரவலாக மேற்கோள் காட்டப்படும் 'வார்' (WAR) மதிப்பீட்டிலும் ஒரே பிட்ச்சருக்கு இரண்டு விடை உண்டு. ஒரு முறை அவர் விட்டுக்கொடுத்த ஓட்டங்களிலிருந்து தொடங்குகிறது. மற்றொன்று ஸ்டிரைக்-அவுட், வாக், ஹோம் ரன் ஆகியவற்றிலிருந்து.

அதற்காக எண்களைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. கிப்சனின் புகழ் செவிவழியாக வாழ்ந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அவரை முதலிடத்தில் அமர்த்தியது, பழைய செய்தித்தாள்களைப் புரட்டி ஆட்ட விவரங்களை ஒவ்வொன்றாகத் தொகுத்த ஆய்வாளர்களின் உழைப்பு. எண்ணாமல் விட்டது இழைத்த அநீதியை எண்ணித்தான் சரிசெய்ய முடிந்தது.

ஆகவே, ஒரு வீரரை எண்ணால் எடைபோடுபவர் அந்த எண் பிறந்த விதத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: எதை எண்ணினார்கள், எதை விட்டார்கள், தீர்மானித்தது யார். அதைச் சொல்லாத புள்ளிவிவரம், எத்தனை தசமத்துக்குத் துல்லியமாக இருந்தாலும், ஒருவரின் அபிப்பிராயம்தான்.