மஞ்சள் தூளும் மச்சானின் வேனும்

ரேடியேட்டர் ஒழுகினால் ஒரு பிடி மஞ்சள் தூளைப் போடு, தானாக அடைத்துக்கொள்ளும் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். அதாவது நாம்தான். 1980களில் என் அம்பாசடரில் நானும் இதைச் செய்தவன். அந்த உரிமையில் கேட்கிறேன்: இந்த வைத்தியத்தை இனி யாருக்கும் சொல்லாதீர்கள்.

என் மச்சான் ஓய்வு பெற்றதும் பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே இரண்டு படுக்கையும் கேஸ் அடுப்பும் வைத்து, நடமாடும் வீடாக்கினார். முதல் பயணம் வால்பாறை. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவதில் அணை அழகாகத் தெரியும். எல்லோரும் போட்டோ எடுக்கும்போதுதான் பார்த்தேன், வண்டியின் முன்பக்கம் பச்சைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. டெம்பரேச்சர் முள்ளும் நடுவைத் தாண்டியிருந்தது.

"திரும்பிடலாம் மச்சான்" என்றேன். வண்டி ஆறியதும் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, சின்ன கியரில் இறங்கினால் என்ஜினுக்குப் பெரிய வேலையில்லை. மூடியை முழுக்க இறுக்காமல் விட்டால் அழுத்தம் குறைந்து ஒழுகலும் குறையும். உள்ளே 20 லிட்டர் குடிநீர் கேன் இருந்தது. பொள்ளாச்சியில் இல்லாத மெக்கானிக்கா?

ஆனால் கிளம்பிவிட்டுப் பாதியில் திரும்பக்கூடாதாம். என் வீட்டம்மாவும் அண்ணன் கட்சி. பக்கத்தில் நின்ற வேன் டிரைவர் வேறு, "மஞ்சத்தூள் வச்சிருக்கீங்களா? ரெண்டு ஸ்பூன் போடுங்க, நின்னுக்குமுங்க" என்றார். சமையல் சாமான் கையிலேயே இருக்கிறது, கேட்க வேண்டுமா!

அரைமணி பொறுக்கச் சொன்னேன். பொறுக்கவில்லை. மூடி இறுக்கியிருக்கும்வரை உள்ளே தண்ணீர் நூறு டிகிரிக்கு மேல் போனாலும் கொதிக்காமல் கிடக்கும். திறந்த நொடியில் குபீரென்று மேலே அடிக்கும். மச்சான் துண்டைச் சுற்றித்தான் திறந்தார். மணிக்கட்டில் தோல் வழன்றுவிட்டது. குடிநீர் கேன் பாதி அந்தக் கைக்கே போனது.

ஒழுகல் நின்றது, அதை மறுக்கவில்லை. மஞ்சள் கரையாது, சூட்டில் ஊறிப் பருத்து ஓட்டையில் போய் உட்காரும். ஆனால் ஓட்டை எது, குழாய் எது என்று அதற்குத் தெரியுமா? அந்தக் காலத்து ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். அடைத்தால் மேல்தொட்டியைக் கழற்றி, கம்பி விட்டுக் குத்தி, ஈயம் வைத்துப் பற்றித் தருவார்கள். இன்றையது அலுமினியம். குழாய்களோ தட்டையானவை, உள்ளே மிகக் குறுகலானவை. தொட்டி பிளாஸ்டிக், விளிம்பை மடக்கிப் பிடித்திருப்பார்கள். அதில் ஈயம் எங்கே பற்றுவது? நம் மருந்து பழைய நோயாளிக்கானது.

வால்பாறையில் இரண்டு நாள் குளிரில் நன்றாகவே இருந்தோம். மச்சான் கைக்கட்டோடு டீ குடித்தபடி, "பாட்டி வைத்தியம்னா சும்மாவா" என்று பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பார். மலை இறங்கும்போதும் தொல்லையில்லை. பொள்ளாச்சி தாண்டி, சமதளத்தில், வெயிலில் கொஞ்சம் வேகம் எடுத்ததும் முள் சிவப்பைத் தொட்டது. புகை வந்த பிறகுதான் நிறுத்தினார். மெக்கானிக் ரேடியேட்டரைக் கழற்றிக் காட்டினார். பாதிக் குழாய்களில் மஞ்சள் களிம்பு. புது ரேடியேட்டர், ஹெட் கேஸ்கெட், ஹெட்டைத் தேய்த்துச் சமன் செய்த கூலி எல்லாம் சேர்த்து 34,000 ரூபாய். ஒன்பதாவது வளைவிலேயே திரும்பியிருந்தால் ரேடியேட்டர் செலவோடு போயிருக்கும்.

எனக்குக் கோபம் மச்சான் மேல் இல்லை, என் மேல்தான். விவரம் தெரிந்திருந்தும், குடும்பத்துக்குள் மனஸ்தாபம் வேண்டாமே என்று ஒதுங்கிக்கொண்டேன். டப்பாவை எடுத்துக் கொடுத்ததும் நான்தான்.

போன வாரம் ஒரு கல்யாணத்தில் மச்சான் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "மஞ்சள் போட்டதாலதான் வால்பாறையே பார்த்தோம்." மணிக்கட்டில் தழும்பு இன்னும் தெரிகிறது.