காரில் காத்திருக்கும் பெற்றோர்

டியூஷனுக்கு அனுப்புவதுபோலத்தான் நம் ஆட்கள் பதின்ம வயதுப் பிள்ளையைக் குழு சிகிச்சைக்கும் அனுப்புகிறார்கள். “கோவம் ஜாஸ்தி, கொஞ்சம் சரிபண்ணி விடுங்க” என்று சொல்லிவிட்டுக் காரில் காத்திருக்கிறார்கள்.

தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்களுக்காக மார்ஷா லினஹன் உருவாக்கியது டிபிடி சிகிச்சை. அதைப் பதின்ம வயதினருக்காக மாற்றியமைத்த அலெக் மில்லரும் ஜில் ரேதஸும் பெற்றோரையும் அதே வகுப்பில் உட்காரவைத்தார்கள். கொந்தளிப்பைத் தாங்கிக்கொள்ள அப்பாவும் கற்கவேண்டுமல்லவா? மூச்சைக் கவனிக்கப் பழகிவந்த பிள்ளை வீட்டில் அழும்போது “என்ன டிராமா போடுற?” என்றால் கற்றதெல்லாம் போச்சு.

சிங்கப்பூரில் 2020 முதலும் மலேசியாவில் 2023 முதலும் தற்கொலை முயற்சி குற்றமல்ல. சட்டமே மாறிவிட்டது, நம் வீடுகளுக்கு என்ன கேடு? பிள்ளையைச் சேர்க்கும்போதே தங்களுக்கும் ஒரு நாற்காலி கேட்கட்டும் என்கிறேன்.