வீட்டுக்காவல் சலுகையல்ல

"சிறைக்குச் செல்லாமல் தப்பினார்." நீதிமன்றச் செய்திகளுக்கு இப்படியான தலைப்புகளை நானும் எழுதியிருக்கிறேன். வாசகரை இழுக்கும், ஆனால் உண்மையைச் சொல்லாது. எம்மவர் பெருந்தொகையாக வாழும் கனடாவில் நிபந்தனைத் தண்டனை குறித்து அரசியல்வாதிகள் நடத்தும் வாதமும் இந்தத் தலைப்பைத் தாண்டிச் செல்லவில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

1996 இல் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு இது. இரண்டு ஆண்டுகளுக்குக் குறைந்த சிறைத்தண்டனைக்கு உரியவர், சமூகத்தின் பாதுகாப்புக்குப் பங்கம் வராது என நீதிபதி திருப்தியுற்றால், அத்தண்டனையை நிபந்தனைகளுடன் வெளியே அனுபவிக்கலாம். வீட்டுக்காவலே இதில் வழமையாக இருக்க வேண்டும் என 2000 இல் புரூ வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. மாகாணச் சிறையில் இருப்பவருக்கு நன்னடத்தைக்காக மூன்றில் ஒரு பங்கு வரை கழிக்கப்படும். வீட்டுக்காவலில் இருப்பவருக்கு அந்தக் கழிவு கிடையாது. நிபந்தனையை மீறினால் எஞ்சிய காலத்தைச் சிறையில் கழிக்க நேரலாம். அம்மீறலை நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டியதுமில்லை. இதற்குப் பெயர் சலுகையா?

2007 இலும் 2012 இலும் ஹார்ப்பர் அரசாங்கம் இந்த வாசலைக் குறுக்கியது. குற்றவாளி யார், ஏன் செய்தார் என்பது போய், குற்றத்தின் பெயரும் அதற்குரிய உச்சத் தண்டனையுமே முடிவைத் தீர்மானித்தன. 2015 இல் ரொறன்ரோ விமான நிலையத்தில் ஏறக்குறைய 2 கிலோ கொக்கெய்னுடன் ஒரு பூர்வகுடிப் பெண் பிடிபட்டார். வயது 20. கையில் குழந்தை, வாடகை நிலுவை. துணைவர் தருவதாகச் சொன்ன 20,000 டொலர். வீட்டுக்காவலைப் பரிசீலிக்கவே விசாரணை நீதிபதிக்குச் சட்டம் இடமளிக்கவில்லை. அத்தடை செல்லுபடியாகும் என 2022 நவம்பர் 4 ஆம் திகதி உச்ச நீதிமன்றம் 5 க்கு 4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. சனத்தொகையில் 5 வீதமான பூர்வகுடிகள் சிறைகளில் 30 வீதமளவில் இருக்கும் நாட்டில்!

அதே மாதம் 17 ஆம் திகதி நாடாளுமன்றம் தடைகளில் பெரும்பாலானவற்றை நீக்கியது. 2025 ஒக்டோபரில், பாலியல் குற்றங்கள் பலவற்றுக்கு வீட்டுக்காவலை மட்டுப்படுத்தும் சட்டமூலத்தை அரசாங்கமே கொண்டுவந்தது. பாதிக்கப்பட்டவர்களின் அச்சத்தை நான் அற்பமாக எண்ணவில்லை. தன்னைச் சிதைத்தவன் அடுத்த தெருவில் வீட்டில் இருக்கிறான் என்பது பெரும் வேதனை. ஆனால் நீதிபதிக்கு அதிகாரம் இருப்பதால் அவர் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று கொள்வது தவறு. வீட்டுக்காவலை விரிவாக விளக்கிய அந்தப் புரூ வழக்கிலேயே, உயிரைப் பறித்த ஆபத்தான வாகனச் செலுத்துகைக்கு விசாரணை நீதிபதி விதித்த 18 மாதச் சிறைத்தண்டனையைத்தான் உச்ச நீதிமன்றம் மீள நிலைநாட்டியது. தவறான தீர்ப்பைத் திருத்த மேன்முறையீடு இருக்கிறது. தவறான தடையைத் திருத்த ஒரு தலைமுறை செல்லும்.

சீர்திருத்தம் வேண்டும் என்பவர்கள் வேறிடத்தில் கைவைக்கட்டும். மேற்பார்வை உத்தியோகத்தர்களைக் கூட்டுங்கள். பாதிக்கப்பட்டவருக்குத் தண்டனையின் நிபந்தனைகளை விளக்கிச் சொல்லுங்கள். வீடே இல்லாத ஏழைக்கு வீட்டுக்காவல் எட்டாக்கனியாக இருக்கிறதே, அதற்கு வழி காணுங்கள். இவற்றுக்குப் பணம் வேண்டும், பொறுமை வேண்டும். தடைச் சட்டத்துக்கு ஒரு வாக்கெடுப்பும், என்னைப் போன்ற ஒருவன் எழுதும் தலைப்பும் போதும்.