தரமணியை வைத்து உலகை அளப்பதா?

"தரமணி புற்றுநோய் மையத்தின் சைக்ளோட்ரானில் புரோட்டான் உருவாவதில்லை, ஆகவே எந்த முடுக்கியாலும் அதை ஆக்கவோ அழிக்கவோ முடியாது." தாம்பரம் டியூஷன் வகுப்பு ஒன்றில் கேட்ட வாதம் இது.

முதல் பாதி சரி. 2019இல் திறக்கப்பட்ட அந்தச் சென்னை மையத்தில், சிகிச்சைக்காக ஹைட்ரஜனிலிருந்து எலெக்ட்ரானை உரித்து, எஞ்சும் புரோட்டானை விரட்டுகிறார்கள். அவ்வளவுதான்.

இரண்டாம் பாதி தவறு.

ஒன்று: அங்கே எட்டும் ஆற்றல் 23 கோடி எலெக்ட்ரான் வோல்ட். ஒரு புரோட்டானின் நிறைக்கு ஈடான ஆற்றலே 93.8 கோடி. கையில் காசு போதவில்லை என்றால், கடையே இல்லை என்பீர்களா?

இரண்டு: 1955இல் பெர்க்லியின் பெவட்ரான் முடுக்கி 620 கோடியை எட்டியது. புரோட்டானின் எதிர்த்துகளான எதிர்ப்புரோட்டான் பிறந்தது. அது தனியே பிறக்காது. புரோட்டான் போன்ற துணையோடுதான் பிறக்கும்.

மூன்று: எதிர்ப்புரோட்டானைச் சந்திக்கும் புரோட்டான் பயான் என்னும் வேறு துகள்களாகச் சிதறி மறைகிறது. இது அழிவில்லையா?

மாறாதது பேரியான் எண், அதாவது புரோட்டான் போன்ற துகள்களின் எண்ணிக்கையிலிருந்து அவற்றின் எதிர்த்துகள்களின் எண்ணிக்கையைக் கழித்தால் வருவது. புரோட்டான்களின் எண்ணிக்கை அல்ல. கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் விஞ்ஞானிகள் தேடியது, புரோட்டான் தானாகவே சிதையுமா என்பதை. அது வேறு கேள்வி, இதோடு குழப்பாதீர்கள்.