நத்தார் அலங்காரங்களைப் பேணுவோம்



மூவிராசாக்கள் திருநாள் கழிந்த பின்னும் ஊர்காவற்றுறை முற்றங்களில் பிளாஸ்டிக் வெள்ளிகளும் தோரணங்களும் தொங்குவதைக் காண்கிறேன். கடற்காற்றின் உப்பு கம்பிகளில் கறள் ஏற்றும். வெயில் பிளாஸ்டிக்கை வெளிறச் செய்து நொறுங்க வைக்கும். திருநாள் முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

மின்குமிழ் மாலையின் மின்னிணைப்பைத் துண்டித்து, உலர்ந்த துணியால் மட்டும் துடையுங்கள். மற்றவற்றைச் சவர்க்கார நீரில் மென்மையாகக் கழுவுங்கள். நன்னீர் அரிதான தீவகத்தில் கழுவ ஒரு வாளி, அலச அரை வாளி போதும். உவர்நீரால் அலசினால் வெண்படிவு நிற்கும். மண்ணெண்ணெய், தின்னர் பாவிக்க வேண்டாம். நிழலில் நன்கு உலர்த்தி, பழந்துணியில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள்.

நான் செல்லும் சில வீடுகளில் உடைந்தவற்றைப் போட்டு அடுப்பு மூட்டுகிறார்கள். இது ஆபத்தானது. பி.வி.சி. தோரணங்களும் செயற்கை மர இலைகளும் எரியும்போது ஐதரசன் குளோரைட்டும் டயொக்சினும் வெளியேறும். அப்புகையை முதலில் சுவாசிப்பவர்கள் நாமும் இடுப்பிலிருக்கும் குழந்தையும்தான். பழைய பி.வி.சி.யில் ஈயம் இருக்கக்கூடும். சிறுவர் அவற்றை வாயில் வைக்க விடாதீர்கள். தொட்டபின் கை கழுவுங்கள். உடைந்தவற்றைத் தனியே கட்டி, பிரதேச சபையின் கழிவு சேகரிப்புக்குக் கொடுங்கள்.

1990இல் வெறுங்கையுடன் தீவகத்தை விட்டு வெளியேறியோருக்கு ஒரு பொருளைப் பேணுவதன் அருமை சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஒரு வெள்ளி மூன்று நத்தாருக்கு உதவினால், மிஞ்சும் காசு பிள்ளையின் கொப்பிக்காகும்.