கணினிக்கும் தாழ்ப்பாள் வேண்டும்



"பிள்ளை பள்ளிக்கூட வேலை செய்கிற நேரம் பார்த்து 'அப்டேட்' என்று கணினி தொல்லை கொடுக்கிறதே டீச்சர், அதை வராமல் செய்துவிடலாமா?" தாய்மார்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. செய்யலாம், ஆனால் கூடாது. காரணத்தைக் கேளுங்கள்.

விண்டோஸ் கணினிகள் தங்களுக்குள் கோப்புகளைப் பரிமாறிக்கொள்ள ஓர் ஏற்பாடு உண்டு. அதன் பழைய வடிவத்தில் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமைக்கு அது முன்பே தெரியும். வேவு பார்க்க உதவுமே என்று வாய் திறக்காமல் வைத்திருந்தார்கள். (இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.) 2017 மார்ச் 14ஆம் நாள் மைக்ரோசாப்ட் நிறுவனம் அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை வெளியிட்டது. ஏப்ரலில், அந்த முகமையிடமிருந்து களவு போன கருவி இணையத்தில் பகிரங்கமாயிற்று. மே 12, வெள்ளிக்கிழமை, அக்கருவியைக் கொண்டு 'வானாக்ரை' என்னும் தீநிரல் புறப்பட்டது.

யாரும் எதையும் தட்டித் திறக்க வேண்டியதில்லை. ஒரு கணினியில் புகுந்ததும் அடுத்த கணினியைத் தானே தேடிப் போயிற்று. படங்கள், கடிதங்கள், கணக்குகள் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, 300 அமெரிக்க டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்டது. மூன்று நாளில் கட்டாவிட்டால் இரட்டிப்பு. சுமார் 150 நாடுகளில் 200,000க்கும் மேற்பட்ட கணினிகள் அகப்பட்டன. பிரிட்டனில் அறுவைச் சிகிச்சைகள் தள்ளிப்போயின. ஆம்புலன்சுகள் வேறு மருத்துவமனைகளுக்குத் திருப்பி விடப்பட்டன. பணம் கட்டியவர் யார் என்று கண்டறிய அந்தத் திருடர்களிடம் ஒழுங்கான ஏற்பாடுகூட இல்லை!

நாள் கணக்கைப் பாருங்கள். மருந்து வந்து ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்துத்தான் நோய் வந்தது. மார்ச் திருத்தத்தை ஏற்றியிருந்த கணினிக்குள் அந்த ஓட்டை வழியாக அதனால் நுழைய முடியவில்லை.

இப்போது உங்கள் வீட்டுக் கணினிக்கு வருவோம். 'செட்டிங்ஸ்' பகுதியில் 'விண்டோஸ் அப்டேட்' என்று இருக்கும். அங்கே நிறுத்தி வைத்திருந்தால் மறுபடி ஓடவிடுங்கள். மூடியைச் சாத்தி வைத்தால் போதாது. பல திருத்தங்கள் 'ரீஸ்டார்ட்' செய்த பிறகே முழுமையாக வேலை செய்யும். விண்டோஸ் 10 வைத்திருப்போர் கவனிக்க: வழக்கமான இலவசத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14உடன் நின்றுவிட்டன. பதிவு செய்துகொள்ளும் வீட்டுக் கணினிகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு அறிவித்தார்கள். கணினி ஏற்குமானால் விண்டோஸ் 11க்கு மாறிவிடுவதே நல்லது.

இன்னொன்று. குடும்பப் படங்களையும் பிள்ளைகளின் சான்றிதழ் நகல்களையும் வெளி வட்டில் ஒரு பிரதி எடுத்து, வேலை முடிந்ததும் கழற்றி அலமாரியில் வையுங்கள். செருகியே இருந்தால், கணினியைப் பூட்டுகிறவன் அதையும் சேர்த்துப் பூட்டிவிடுவான்.

கைப்பேசி இணைப்பில் ஓட்டுகிறவர்களுக்கு டேட்டா கரைகிறதே என்ற கவலை நியாயமானதே. மைக்ரோசாப்ட் மாதாந்திரத் திருத்தங்களை இரண்டாம் செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது.  அந்த வாரத்தில் வைஃபை உள்ள உறவினர் வீட்டுக்குக் கணினியை எடுத்துச் செல்லுங்கள். பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் இறங்கிவிடும். ரீஸ்டார்ட் முடிந்து திரை வந்த பிறகே பையில் போடுங்கள்.